நட்சத்திரம் எதுவரை போகும்

கிராமத்து விலாசங்கள் நீளமானவை. எங்கள் தொல்லை அங்கேதான் தொடங்கியது.

எண்பதுகளின் நடுவில், ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் சாரத்துக்குள் நின்ற வருடங்களில், துவாக்குடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பிரிவில் நான் வேலை பார்த்தேன். பிரிவு என்றால் ஓர் அறைதான். தொழிற்சாலையிலேயே குளிர்சாதனம் வைத்த அறை அது ஒன்று என்பதால், செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் எல்லோரும் உள்ளே வருவார்கள். மே மாதத்தில் வேலையே இல்லாதவர்களும் வருவார்கள்.

அந்த வருடம் இயந்திர வரைபடம் போடும் வரைவாளர் பயிற்சிக்கு ஆள் எடுத்தார்கள். மனுப் போட்டவர்களில் தேறியவர்களுக்கு நேர்முகத் தேர்வுக் கடிதம் அனுப்ப வேண்டும். கடிதம் அச்சாகி, உறைக்குள் போய்விட்டது. உறைமேல் ஒட்டும் விலாச லேபிள் மட்டும் எங்கள் வேலை. பின்பக்கம் பசை தடவிய லேபிள்கள் வரிசை வரிசையாக வரும் தொடர் தாளை பிரிண்டரில் ஏற்றி ஓடவிட்டால் போதும். லேபிள் சிறியது. ஸ்ரீரங்கத்து விலாசம் அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. தில்லைநகர், பாலக்கரை விலாசங்களும் அப்படியே. கிராமத்து விலாசங்கள் உட்காரவில்லை. ஒருவருடைய தாலுக்கா லேபிளைத் தாண்டி, அடுத்தவருடைய பெயருக்குமேல் போய் விழுந்தது.

காரணம் அடைப்புக்குறிகள். கிராமத்திலிருந்து எழுதுகிறவர்கள் ஒவ்வோர் ஊர்ப் பெயரோடும் அது எதற்காக வருகிறது என்பதையும் எழுதுவார்கள். புதுப்பட்டி (அஞ்சல்), வையம்பட்டி (வழி), மணப்பாறை (வட்டம்), திருச்சி (மாவட்டம்) என்று. எங்கள் கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலச் சுருக்கங்களாகத்தான் ஏற்றியிருந்தோம். நான் இங்கே தமிழிலேயே எழுதிக்கொள்கிறேன்.

"அடைப்புக்குறியையும் அதுக்குள்ள இருக்கறதையும் எடுத்துட்டா லேபிள்ல அடங்கிடும். ரெண்டு நிமிஷ வேலை," என்றார் சார்.

சார் என்பது எங்கள் பிரிவின் பொறுப்பாளர். எந்த வேலையானாலும் அவருக்கு இரண்டு நிமிஷம்தான். கெட்டிக்காரர், நல்ல மனிதர். யோசிக்கும்போது மூடிய பேனாவால் காதைக் குடைவார். அன்று காதைக் குடையக்கூட இல்லை, நேரே உட்கார்ந்து கட்டளையை அடித்துவிட்டார்.

அந்தக் கட்டளையின் உயிர் நான்கு குறிகளில் இருந்தது: (.*) அவ்வளவுதான். திறக்கும் அடைப்பு, பிறகு ஒரு புள்ளி, பிறகு ஒரு நட்சத்திரம், பிறகு மூடும் அடைப்பு. புள்ளி என்றால் ஏதாவது ஓர் எழுத்து. நட்சத்திரம் என்றால், முன்னால் நிற்பது எத்தனை தடவை வேண்டுமானாலும். சேர்த்துப் படித்தால், அடைப்பு திறந்ததிலிருந்து மூடுவது வரை இடையில் என்ன இருந்தாலும் சரி. இப்படிப் பொருந்துகிற இடத்தையெல்லாம் கண்டுபிடித்து அழித்துவிடு என்று சொன்னால், இயந்திரம் கோப்பு முழுக்க வரி வரியாகப் போய் அழித்துக்கொண்டு வரும்.

சார் தன் விலாசத்தை வைத்துச் சோதித்தார். குவார்ட்டர்ஸ், திருவெறும்பூர் (அஞ்சல்), திருச்சி. அடைப்பு அழகாகப் போயிற்று. பிறகு என் ஸ்ரீரங்கத்து விலாசம். அதில் அடைப்பே இல்லை, அப்படியே நின்றது.

"பார்த்தியாம்மா? ஓட்டிடு."

எனக்கு எதையும் வரிசை போட்டுச் செய்கிற பழக்கம். முதலில் கோப்பை நகல் எடு, பிறகு கட்டளை, பிறகு அச்சு, பிறகு தாளைக் கிழிக்கும்முன் எண்ணிப் பார். நகல் எடுத்தேன், ஓட்டினேன். லேபிள்களின் எண்ணிக்கை சரியாக இருந்தது. எண்ணினேனே தவிர, படிக்கவில்லை.

எங்கள் அறையில் இன்னொருவர் உண்டு. விலாசங்களை எல்லாம் விசைப்பலகையில் ஏற்றிய டேட்டா என்ட்ரி ஆபரேட்டர். என்னைவிடச் சற்று மூத்தவர், நான் அக்கா என்பேன். அவர் என்னை மேடம் என்பார். அதில் மரியாதை பாதி, கிண்டல் பாதி. சொந்த ஊர் வையம்பட்டிக்கு உள்ளே இருக்கும் ஒரு புதுப்பட்டி. வார நாட்களில் மெயின்கார்டு கேட் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் விடுதியில் தங்குவார், சனிக்கிழமை ஊருக்குப் போவார்.

அந்த மனுக்களில் ஒன்று அவருடைய தங்கையுடையது. ஐ.டி.ஐ.யில் வரைவாளர் படிப்பு முடித்து ஊரில் உட்கார்ந்திருந்தாள். பயிற்சிக்கு வயது வரம்பு உண்டு. அவளுக்கு இதுதான் கடைசி வருடம்.

"இந்த வருஷம் கடுதாசி வரலைன்னா தையில அத்தை மகனுக்குக் கட்டி வெச்சிடுவேன்னு அப்பா சொல்லிட்டாரு மேடம். அவன் நல்லவன்தான். ஆனா இவ ஸ்கேலையும் பென்சிலையும் பரண்ல போட மாட்டேங்கறா. தினம் துடைச்சு வெக்கிறா."

தங்கை மனுப் போட்டிருப்பதை அக்கா மேலே யாரிடமும் சொல்லவில்லை. வேலை பார்க்கிறவரின் தங்கை என்று தெரிந்தால் சிபாரிசு என்பார்கள். என்னிடம் மட்டும் பஸ்ஸில் சொல்லியிருந்தார்.

லேபிள் அச்சான அன்று மத்தியானம், உறைகளில் ஒட்டும் வேலைக்கு அக்காவும் உட்கார்ந்தார். மறுநாள் நண்பகலில் தபால் பை கிளம்ப வேண்டும். அடுத்த வாரக் கடைசியில் தேர்வு. அந்தப் பையைத் தவறவிட்டால் உள் கிராமங்களுக்குக் கடிதம் தேர்வு முடிந்த பிறகுதான் போய்ச் சேரும்.

நான் டேப்பில் எதையோ ஏற்றிக்கொண்டிருந்தேன். அக்கா ஒரு லேபிளைப் பசையோடு விரல்நுனியில் ஒட்டி எடுத்துவந்து என்முன் நீட்டினார்.

"மேடம், எங்க ஊரைக் காணோம்."

தங்கை பெயர் இருந்தது. அப்பா பெயர் இருந்தது. கீழத்தெரு இருந்தது. புதுப்பட்டி இருந்தது. அதோடு சரி.

"புதுப்பட்டி இருக்கே அக்கா?"

"எந்தப் புதுப்பட்டி? எங்க தாலுக்காவிலேயே கைவிரல் பத்தாது. புதுக்கோட்டைப் பக்கம் இருக்கு, மதுரைப் பக்கம் இருக்கு. அஞ்சல் என்ன, வழி என்னன்னு நாங்க என்ன பொழுதுபோகாமயா எழுதறோம்? ஸ்ரீரங்கத்துக்காரங்களுக்கு ஒரு வரி போதும். பெருமாளே பக்கத்துல படுத்திருக்காரு. எங்களுக்கு அப்படியா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். லேபிளை மட்டும் விரலிலிருந்து எடுக்கவில்லை.

நான் போய்த் தாளைப் படித்தேன். ஒட்டியவை, ஒட்டாதவை எல்லாவற்றையும். நகரத்து விலாசங்கள் அத்தனையும் சரி. ஓர் அடைப்பு உள்ளவையும் சரி. ஒன்றுக்கு மேல் அடைப்பு உள்ளவற்றில்தான் முதல் அடைப்பு திறந்த இடத்திலிருந்து கடைசி அடைப்பு மூடிய இடம் வரை மொத்தமாகப் போயிருந்தது. இடையில் இருந்த வையம்பட்டி, மணப்பாறை எல்லாம் அதோடு போய்விட்டன. அடைப்புக்கு வெளியே நின்ற ஊர்கள்தான் அவை. அழிக்கச் சொல்லாதவை.

அதைவிட மோசமானவையும் இருந்தன. அப்பா இறந்துபோனவர்கள், அப்பா பெயருக்கு முன்னால் அடைப்புக்குள் லேட் என்று எழுதியிருந்தார்கள். அவர்களுக்கு அழிப்பு அங்கேயே தொடங்கிவிட்டது. அப்பா பெயர், தெரு, ஊர் எதுவும் இல்லை. லேபிளில் தன் பெயர் மட்டும் தனியாக நின்றது.

சாரைக் கூப்பிட்டேன். ஒரு லேபிள் பார்த்தார், இரண்டு பார்த்தார். பேனா காதுக்குப் போயிற்று.

"என்னோடது சரியா வந்துச்சே?"

"உங்களுக்கு ஒரு அடைப்புதான் சார். எனக்கு அதுவும் இல்ல."

"அடக் கடவுளே. நாம ரெண்டு பேரும் டவுன்ல இருந்துட்டு டவுனை வெச்சே டெஸ்ட் பண்ணிட்டோம்." பேனாவை எடுத்தார். "சரி, ஒண்ணும் குடிமுழுகல. நட்சத்திரத்தைத் தூக்கிடுவோம். சுருக்கம் எல்லாம் ரெண்டெழுத்துதானே? ரெண்டு புள்ளி போட்டா முடிஞ்சுது. ரெண்டு நிமிஷம்."

நகல் இருந்ததால் மறுபடி ஓட்ட முடிந்தது. அடைப்பு, புள்ளி, புள்ளி, அடைப்பு. அஞ்சல் போயிற்று, வட்டம் போயிற்று, மாவட்டம் போயிற்று. வழி போகவில்லை, ஆங்கிலத்தில் அதற்கு மூன்றெழுத்து. மூன்று புள்ளிக்கு இன்னொரு கட்டளை. பிறகு சிலர் தாலுக்கா என்று முழுதாக எழுதியிருந்தது தெரிந்தது. அதற்கு ஒன்று. அப்புறம் வந்தவற்றைத் தாளில் வரிசையாக எழுதினேன்: (ரைஸ் மில் பின்புறம்), (மாதா கோயில் எதிரில்), (சின்னத்தம்பி வீட்டுக்கு மேற்கே), (புதிய காலனி). ஒவ்வொன்றும் ஒரு நீளம். எத்தனை புள்ளி வைப்பது? நாங்கள் ஓர் அளவுக்குக் கட்டளை போட்டால், கோப்பு வேறோர் அளவைக் காட்டியது.

மணி ஐந்தை நெருங்கியது. பெண்கள் அந்த நேரத்துக்கு மேல் தொழிற்சாலையில் இருக்கக் கூடாது. எங்களை ஏற்றிப்போகும் பஸ் வாசலில் ஹாரன் அடித்தது.

"காலையில வந்து பார்ப்போம்," என்றார் சார். "வரலைன்னா கிராமத்து விலாசத்தையெல்லாம் கையால எழுத வேண்டியதுதான். பை கிளம்பறவரைக்கும் எவ்வளவு முடியுதோ அவ்வளவு." பிறகு அக்காவைப் பார்த்தார். அந்த லேபிளை அவர் இன்னும் விரலிலேயே வைத்திருந்ததைக் கவனித்திருக்க வேண்டும். "யாரும்மா, சொந்தமா? அந்த ஒண்ணை வேணா இப்பவே எழுதிக் கொடுத்துடுங்க."

"வேண்டாம் சார்," என்றார் அக்கா. "எல்லா கவர்லயும் அச்சு, இதுல மட்டும் என் கையெழுத்துன்னா நல்லாவா இருக்கும்? உள்ளே நுழையறப்பவே அவளை ஒரு மாதிரி பார்ப்பாங்க. போனா எல்லாத்தோடயும் சேர்ந்து போகட்டும்."

பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தார். அரியமங்கலம் தாண்டும்போது கேட்டார்:

"அந்த நட்சத்திரத்துக்கு என்னதான் கேடு மேடம்? மூடற குறியைப் பார்த்தா நிக்க வேண்டியதுதானே? முதல்லயே ஒண்ணு வருதே?"

எனக்கும் அப்போதுதான் அது தெளிவாகத் தோன்றியது. முன்னால் ஒருவர் தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தார். அவரைக் காட்டினேன்.

"அது இவரை மாதிரி அக்கா. காந்தி மார்க்கெட் வந்தாலும் எழுந்திருக்காது, மெயின்கார்டு கேட் வந்தாலும் எழுந்திருக்காது. முதல்ல வரியோட கடைசி வரைக்கும் போயிடும். போனப்புறம்தான் இறங்க வேண்டிய இடம் ஞாபகம் வந்து, அங்கேருந்து பின்னாலயே நடந்து வரும். பின்னாலேருந்து வந்தா முதல்ல எதிர்ப்படறது கடைசிக் குறிதானே? அங்க நின்னுக்கும்."

"போறவரைக்கும் போகலாம்னு சொல்லி ஏத்தி விட்டுட்டு, இப்ப அதைத் திட்டறோம். நடுவுல இறக்கி விட ஒரு கண்டக்டர் இல்லாத பஸ்ஸுன்னு சொல்லுங்க." மெயின்கார்டு கேட்டில் எழுந்தார். "நான் இறங்கறேன். எனக்கு என் ஸ்டாப் தெரியும்."

சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி, ஸ்ரீரங்கம் போகும் ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்தேன். காவிரிப் பாலத்தில் காற்று நன்றாக இருந்தது. எனக்கு மனம் அதில் நிற்கவில்லை. எண்ணிக்கை வைத்து நிறுத்த முடியாது; ஒவ்வோர் அடைப்பும் ஒரு நீளம். எண்ணிக்கையை விட்டால் கடைசி வரை போய்விடும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்க வேண்டும்.

வீட்டில் எதிர்வீட்டு மாமி வந்திருந்தார். அம்மாவும் அவரும் கூடத்தில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வரன் பார்க்கிறார்கள் என்பது அந்தக் குரலிலேயே தெரியும். நான் பின்கட்டில் கால் கழுவிக்கொண்டே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்:

"தப்பு நட்சத்திரத்துலதான். அதுதான் எல்லாத்தையும் முழுங்கிடறது."

கூடத்தில் பேச்சு நின்றது. அம்மா விசுக்கென்று எழுந்து வந்தாள்.

"யாருடி அப்படிச் சொன்னா? ஆபீஸ்ல யார்கிட்டயாவது நட்சத்திரத்தைச் சொன்னியா? வாயைத் திறக்காதேன்னு எத்தனை தரம் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன்!"

என் நட்சத்திரம் மூலம். பெண் மூலமாக இருந்தால் மாமனாருக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஜாதகம் கொடுத்த இடத்திலிருந்தெல்லாம், மற்றப் பொருத்தம் பிரமாதம், ஆனால் பையனின் அப்பா கொஞ்சம் யோசிக்கிறார் என்று பதில் வந்துகொண்டிருந்தது. அம்மாவுக்கு அது ஆறாத புண்.

"இது வேற நட்சத்திரம் அம்மா. கம்ப்யூட்டர்ல இருக்கறது."

"கம்ப்யூட்டர்லயும் ஏத்திட்டாளா!" என்றாள் அம்மா, மாமியைப் பார்த்து. அவளைச் சமாதானப்படுத்திக் கூடத்துக்கு அனுப்பவே கொஞ்ச நேரம் பிடித்தது.

நான் அடுக்களையில் காபி கலந்துகொண்டிருந்தபோது பேச்சு மறுபடி தொடங்கியது. அம்மா இப்போது குரலைத் தாழ்த்தவில்லை. பொறுமை போய்விட்டது.

"மாமி, உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு. மாமியார் இருக்கட்டும். நாத்தனார் எத்தனை பேர் வேணா இருக்கட்டும். மச்சினன், ஓரகத்தி, ஒட்டிண்டிருக்கற அத்தை, யார் வேணா இருக்கட்டும், எத்தனை பேர் வேணா இருக்கட்டும். பொங்கிப் போட அவளுக்குத் தெம்பு இருக்கு. மாமனாரைத் தவிர! மாமனார் ஒருத்தர் மட்டும் இல்லாத இடமாப் பாருங்கோ. எங்கே அந்த மனுஷர் நிக்கறாரோ அதோட நிறுத்திண்டு திரும்பி வந்துடுங்கோ."

கையில் டபராவோடு அப்படியே நின்றேன்.

யார் வேண்டுமானாலும். எத்தனை பேர் வேண்டுமானாலும். மாமனாரைத் தவிர.

புள்ளி என்றால் ஏதாவது ஓர் எழுத்து. ஏதாவது ஓர் எழுத்து என்றால் மூடும் அடைப்பும் அதில் சேர்த்தி. முதல் மூடும் குறி வந்தாலும் நட்சத்திரம் அதை இன்னோர் எழுத்தாக எண்ணித் தாண்டிப் போனது அதனால்தான். நிறுத்த வேண்டியது நட்சத்திரத்தை இல்லை. அது எத்தனை பேரை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளட்டும். யாரைச் சேர்க்கக் கூடாது என்று சொன்னால் போதும். மூடும் அடைப்பைத் தவிர வேறெந்த எழுத்தானாலும் சரி, எத்தனை ஆனாலும் சரி. அப்படிச் சொல்லிவிட்டால் முதல் மூடும் குறி வந்ததும் அதற்குமேல் போக வழியே கிடையாது. அங்கேயே நின்றாக வேண்டும்.

அதை எழுதும் முறை எனக்குத் தெரியாததும் இல்லை. சதுர அடைப்புக்குள் முதலில் கூரை மாதிரி ஒரு குறி போட்டால், பின்னால் வருவதைத் தவிர என்று பொருள். எண்களைத் தவிர, இடைவெளியைத் தவிர என்று எத்தனையோ வேலைக்கு எழுதியிருக்கிறேன். இங்கே கொண்டுவர வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

சுவரில் தினசரிக் காலண்டர். அன்றைய தாளைக் கிழித்துத் திருப்பி, பின்பக்கம் எழுதினேன்:

([^)]*)

சுருண்டு கிடந்த பாம்புச் சட்டை மாதிரி இருந்தது. ஆனால் படித்தால் பொருள் நேராக வந்தது. அடைப்பு திறக்கட்டும், மூடும் அடைப்பைத் தவிர எதுவும், எத்தனையும், பிறகு அடைப்பு மூடட்டும். எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது.

"பாருங்கோ மாமி," என்றாள் அம்மா, "அவளுக்காக நான் இங்கே உருகிண்டிருக்கேன், அவ அடுக்களையில சிரிச்சுண்டு நிக்கறா."

மறுநாள் காலையில் சாரிடம் காலண்டர் தாளைக் கொடுத்தேன். முதலில் முன்பக்கத்தைத் திருப்பி ராகுகாலம் எப்போது என்று பார்த்தார். பிறகு பின்பக்கம். காதைக் குடைந்தார், நிறுத்தினார்.

"ஆமாம்ல! தாண்ட விடக் கூடாதுன்னு சொல்லிட்டா போதுமே. எங்கே பிடிச்சே?"

"வீட்ல வரன் பார்க்கறாங்க சார்."

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"சம்பந்தம்தான் சார் பிரச்சினையே."

அவருக்குப் புரியவில்லை, நேரமும் இல்லை. இந்தத் தடவை என் விலாசத்தையும் அவர் விலாசத்தையும் தொடவில்லை. கோப்பில் இருந்ததிலேயே கஷ்டமான விலாசங்களைப் பொறுக்கித் தனியாக வைத்தேன். நான்கு அடைப்பு உள்ளது. லேட் போட்ட அப்பா உள்ளது. மாதா கோயில் எதிரில் இருப்பது. அடைப்பைத் திறந்துவிட்டு மூடவே மறந்தது. கட்டளையை ஓட்டினோம். மூடாத அடைப்பு மட்டும் எதிர்பார்த்தபடி மக்கர் செய்தது, அடுத்த ஊரை விழுங்கியது. அது சிலரிடம்தான் இருந்தது. தேடி எடுத்து அக்காவே விசைப்பலகையில் மூடிவைத்தார். மற்றவற்றில் ஒவ்வோர் அடைப்பும் தனித்தனியாகப் போயிற்று, ஊர்கள் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் நின்றன.

"சார், லேட் எல்லாமும் சேர்ந்து போயிடுச்சு," என்றேன். "இறந்துபோன அப்பாக்கள் எல்லாம் இப்ப உயிரோட இருக்காங்க."

"இருந்துட்டுப் போகட்டும்மா. தபால்காரருக்குத் தெரியும்."

அம்மா தேடுகிற மாமனார்கள் எல்லாம் அந்த அடைப்புக்குள்தான் இருக்கிறார்கள் என்று தோன்றியது. சாரிடம் சொல்லவில்லை.

பிறகு முழுக் கோப்பு. பிரிண்டர் கரகரவென்று ஓட, அக்கா தாளின் பக்கத்திலேயே நின்றார். லேபிள்கள் மேலே வர வர வாய்க்குள் படித்துக்கொண்டு வந்தார். துறையூர், லால்குடி, முசிறி. நானும் இந்தத் தடவை எண்ணவில்லை, படித்தேன். ஓரிடத்தில் அக்காவின் உதடு நின்றது. கீழத்தெரு, புதுப்பட்டி, வையம்பட்டி, மணப்பாறை, திருச்சி. லேபிளுக்குள் அடக்கமாக இருந்தது. ஓர் எழுத்துகூட வெளியே வழியவில்லை.

"வந்துட்டா," என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

பழைய லேபிள்களின்மேல் புதியவற்றை ஒட்டினோம். சாரும் உட்கார்ந்து ஒட்டினார், கோணலாக. தங்கையின் உறையை அக்கா தனியாக எடுக்கவில்லை. அது முசிறிக்கும் துறையூருக்கும் நடுவில் கட்டோடு கட்டாகப் பைக்குள் போயிற்று. பையின் வாயைக் கட்டி வண்டியில் ஏற்றியதும் சார் கேன்டீனில் எல்லோருக்கும் டீ சொன்னார். அந்த டீ எனக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது. சர்க்கரை அதிகம், ஏலக்காய் கிடையாது. அதைவிட நல்ல டீ அதற்குப் பிறகு குடித்ததாக நினைவில்லை.

ஆனாலும் பை போய்விட்டால் எல்லாம் முடிந்துவிடாது. அந்தச் சனிக்கிழமை அக்கா ஊருக்குப் போனார். திங்கட்கிழமை காலை செருப்பை வாசலில் விடும்போதே அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. வேண்டுமென்றே பை, டிபன் டப்பா எல்லாவற்றையும் நிதானமாக அடுக்கினார்.

"அக்கா!"

"என்ன மேடம்?"

"சொல்லுங்கக்கா, உயிரை வாங்காதீங்க."

"வந்துச்சு," என்றார். "சனிக்கிழமையே வந்துச்சு. தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்கக்கூட இல்ல. தூரத்துலேருந்தே அவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டாராம். அப்பாவைத்தான் பார்க்கணும். கடுதாசியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, சரி, போயிட்டு வான்னுட்டாரு." அப்போதுதான் அவர் முகம் முழுக்க விரிந்தது.

தேர்வு நாளன்று தங்கையை வாசலில் பார்த்தேன். அக்காவின் முகம், அக்காவைவிட உயரம். கையில் அந்த உறை. மடிக்காமல், கசக்காமல், இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

"இவங்கதான் மேடம்," என்றார் அக்கா. "உன் ஊரைக் கண்டுபிடிச்சுக் குடுத்தவங்க."

அவள் வணக்கம் சொன்னாள். பிறகு தயங்கித் தயங்கி உறையை என்பக்கம் திருப்பினாள்.

"ஒண்ணு கேக்கலாங்களா? இங்க எல்லாக் கமாவுக்கும் முன்னாடி ஒரு இடம் காலியா விட்டிருக்கீங்களே, அது எதுக்குங்க?"

பார்த்தேன். உண்மைதான். புதுப்பட்டிக்கும் அதன் காற்புள்ளிக்கும் நடுவில் ஓர் எழுத்தளவு வெறும் இடம். வையம்பட்டிக்குப் பின்னாலும் அப்படியே, மணப்பாறைக்குப் பின்னாலும் அப்படியே. அடைப்புகள் முன்பு ஒட்டிக்கொண்டிருந்த இடங்கள். அவற்றுக்கு முன்னால் இருந்த இடைவெளியையும் சேர்த்து அழிக்கச் சொல்ல நாங்கள் மறந்துவிட்டோம். அத்தனை லேபிளையும் படித்தும் என் கண்ணில் படவில்லை, சார் கண்ணிலும் படவில்லை.

"அளவெடுக்கறதுக்குன்னே பொறந்தவ மேடம், விடுங்க," என்று அக்கா அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "உள்ளே போய் இதையெல்லாம் கேட்டு வெக்காதடி."

"கேக்கட்டும்க்கா," என்றேன். "உள்ளே இந்தக் கண்ணைத்தான் தேடறாங்க."

வாசல் காவலாளி பெயர்களைக் கூப்பிட்டார். முசிறிக்காரர்கள், லால்குடிக்காரர்கள், துறையூர்க்காரர்கள் எல்லாம் கையில் அதே உறையோடு எழுந்தார்கள். அவளும் அவர்களோடு உள்ளே போனாள். அந்த வருடம் எடுத்தவர்களில் அவள் ஒருத்தி. தையில் அத்தை மகனுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்தார்கள்.

அடுத்த தடவை லேபிள் அடிப்பதற்குமுன் கட்டளையில் அடைப்புக்கு முன்னால் ஓர் இடைவெளியைச் சேர்த்தேன்.